திருப்பிச் சொல்லச் சொன்ன அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் இந்த ஐப்பசியோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்திருந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

மலரில் ஒரு கட்டுரை இருக்க வேண்டும் என்று சொன்னவர் மாமா, எங்கள் அம்மாவின் தம்பி. "நாலு நல்ல வார்த்தையா எழுதுடா. புகார் மனு மாதிரி எழுதி வெக்காத. சாப்புட வர்றவங்க படிக்கப் போறாங்க" என்றார். நானும், "நாலு நல்ல வார்த்தையா எழுதணும், புகார் மனு மாதிரி எழுதக் கூடாது" என்று திருப்பிச் சொன்னேன். மாமாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இன்னும் அந்தப் பழக்கத்த விடலயாடா நீ?" என்றார். விடவில்லை. இந்தக் கட்டுரையே அந்தப் பழக்கத்தைப் பற்றியதுதான்.

அக்கா பிறந்தது கீழ்பென்னாத்தூரை அடுத்த ஒரு கிராமத்தில். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. பிரசவம் நெடுநேரம் இழுத்திருக்கிறது. பிறந்த குழந்தை உடனே அழவில்லையாம். அதனால் வந்த பாதிப்பு என்று டாக்டர்கள் பிறகு சொன்னார்கள். அக்காவுக்கு வலது கால் இழுக்கும், கைகள் தாமாக அசையும், நாக்கு சொன்ன பேச்சைக் கேட்காது. மற்றபடி அவருக்கு எல்லாம் விளங்கும், நம்மில் பலரைவிட விரைவாகவே விளங்கும். ஆனால் அவர் வாயிலிருந்து வரும் சொற்கள் கேட்பவருக்கு வெறும் சத்தமாகத்தான் தெரியும்.

அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அக்கா என்ன சொன்னாலும் அம்மா அதைத் தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்வார். "தண்ணி வேணுமா?" சரியென்றால் அக்கா கண்ணை மூடித் திறப்பார். தப்பென்றால் மறுபடி சொல்வார். "தண்ணி இல்லயா? தம்பி தூங்கறானா?" சரியாகும்வரை இது நடக்கும். புரியாமல் ஒரு வேலையும் எங்கள் வீட்டில் தொடங்காது. நான் பிறந்து பேசக் கற்றது இந்த வீட்டில்தான். அதனால் யார் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்வது எனக்கு மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது. என் மனைவி திருமணமான புதிதில் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சண்டை போட்டிருக்கிறார்.

வெளியார் வேறு மாதிரி. அவர்கள் தலையாட்டுவார்கள். அக்கா ஏதாவது சொன்னால், சிரித்த முகத்தோடு "ஆமாம்மா, ஆமாம்மா" என்று தலையாட்டிவிட்டு, அம்மா பக்கம் திரும்பி, "இன்னா சொல்றா?" என்பார்கள். இந்த மலரைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் பலரும் அப்படித் தலையாட்டியவர்கள்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. ஆனால் அக்காவுக்கு உலகத்திலேயே பிடிக்காத ஒன்று அது. திட்டினால்கூடப் பதில் சொல்லலாம், தலையாட்டினால் என்ன செய்வது என்பார்.

நாங்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா போனார். கீழ்பென்னாத்தூரில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, அம்மாவின் கண்முன்னால், ஒரு வேன் மோதியது. நஷ்டஈட்டு வழக்கு திருவண்ணாமலையில் நடந்தது. அம்மா சாட்சிக் கூண்டில் ஏறிய அன்று அக்காவும் நானும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிர்த்தரப்பு வக்கீல், "வண்டி மெதுவாத்தானே வந்துச்சு, உங்க வீட்டுக்காரர்தானே திடீர்னு குறுக்க வந்தாரு, ஆமாவா இல்லையா?" என்று ஒரே மூச்சில் கேட்டார். அம்மா எங்கள் வீட்டு வழக்கப்படி திருப்பிச் சொன்னார். "வண்டி மெதுவா வந்துச்சான்னு கேக்கறீங்க. இல்ல, வேகமா வந்துச்சு. அவரு குறுக்க வந்தாரான்னு கேக்கறீங்க. இல்ல, ஓரமா நின்னுனு இருந்தாரு." வக்கீல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லிக் குரலை உயர்த்தினார். நீதிபதி, "அந்தம்மா கேட்டதுக்குத்தான் பதில் சொல்றாங்க. நீங்க ரெண்டு கேள்வி கேட்டீங்க" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நான் வக்கீலுக்குப் படிக்கப் போறேன்" என்றார். "வக்கீலுக்குப் படிக்கப் போற" என்றேன். கண்ணை மூடித் திறந்தார்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மா எங்களைத் திருவண்ணாமலைக்கு அழைத்து வந்தார். செங்கம் சாலைப் பக்கம், ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வாடகை வீடு. அங்கே ஒரு தங்கும் விடுதியில் அம்மாவுக்குச் சமையல் வேலை. பின்னாளில் அதே விடுதியில் எனக்கும் வேலை கிடைத்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறேன். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்பதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்வதால் எனக்கு அங்கே நல்ல பெயர்.

அந்தத் தெருவில் இருந்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. இத்தாலிக்காரர் ஒருவர் ஆட்டோவை நிறுத்தி என்னவோ சொல்வார். ஆட்டோக்காரர் காதைக் கொடுத்து, கையைக் காலை ஆட்டி, நாலு முறை கேட்டு, கடைசியில் அவர் போக வேண்டிய இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார். ஜப்பான் பாட்டியம்மாவின் தமிழுக்கும் அதே பொறுமை. அதே ஆட்டோவை அக்கா கைகாட்டி நிறுத்தினால், "கூட யாரும் வரலயா?" என்பார்கள். எங்கள் ஊருக்குப் புரியாத பேச்சைக் கேட்கத் தெரியாமல் இல்லை. அக்காவிடம் மட்டும் அந்த முயற்சியைச் செய்யத் தோன்றவில்லை.

பள்ளியிலும் கல்லூரியிலும் நடந்ததை விரிவாக எழுதினால் மாமா சொன்னதுபோல மனுவாகிவிடும். எழுத்துத் தேர்வுகளுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். கோணல் மாணலான கையெழுத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினார். சட்டக் கல்லூரியில் மாணவர்கள் மாதிரி நீதிமன்றம் நடத்துவார்கள். ஒருவர் நீதிபதி, இருவர் வழக்கறிஞர்கள். அக்காவை ஒவ்வொரு முறையும் நீதிமன்ற எழுத்தர் ஆக்கி ஓரத்தில் உட்கார வைத்தார்கள். எழுத்தருக்கு வசனம் கிடையாது. "நல்ல இடம், ஃபேன் காத்து வரும்" என்று வீட்டுக்கு வந்து சொல்வார். சிரிப்பார். பிறகு அந்த வழக்கில் தான் பேசியிருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று முழுவதையும் அம்மாவிடமும் என்னிடமும் பேசிக் காட்டுவார்.

பட்டம் வாங்கினால் மட்டும் நீதிமன்றத்தில் நின்று பேச முடியாது. வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அக்கா விண்ணப்பித்தார். எந்த அலுவலகம், யார் யார் என்பதை எழுதப் போவதில்லை, மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். சான்றிதழ்களைச் சரிபார்த்தவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவங்க தொழில் பண்ற அளவுக்குப் பேச முடியும்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கினு வாங்க" என்றார். அக்காவுக்கு முன்னால் நின்ற யாரிடமும் அப்படி ஒரு சான்று கேட்கவில்லை. பின்னால் நின்றவர்களிடமும் கேட்கவில்லை.

அக்காவுக்கு ஏற்கெனவே மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கொடுத்த டாக்டரிடமே போனோம். அவர் பழைய பதிவைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்குக் கை நிக்காது, பேச முடியாதுன்னு எழுதிக் குடுத்தேன். அதக் காட்டித்தான் பரிட்சையில கூடுதல் டைம் வாங்கினீங்க. இப்ப பேச முடியும்னு எழுதச் சொல்றீங்க. இதுல நான் எதுக்குக் கையெழுத்துப் போடறது?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. சலுகை வேண்டுமென்றால் முடியாது என்று காட்ட வேண்டும். வேலை வேண்டுமென்றால் முடியும் என்று காட்ட வேண்டும். ஒரே உடம்பை வைத்துக்கொண்டு அக்கா இரண்டையும் காட்ட வேண்டியிருந்தது.

அக்கா சொன்னதை நான் டாக்டரிடம் சொன்னேன். "ரெண்டுமே நெஜம் சார். ரெண்டயும் எழுதுங்க."

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, பேச்சு தெளிவாக இல்லை என்றும், கருத்துகளைத் தெளிவாகச் சொல்லும் ஆற்றல் இருக்கிறது என்றும், கேட்பவர் பொறுமையோடு கேட்டால் விளங்கும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பார்த்த நேர்மையான மனிதர்களில் அவர் ஒருவர்.

அந்த நேர்மையே எங்களுக்குச் சிக்கலானது. இப்படி இரண்டுங்கெட்டானாக எழுதியிருப்பதால் ஒரு குழு நேரில் பார்த்து முடிவு செய்யும் என்று அக்காவை வரச் சொன்னார்கள். தையல்காரரிடம் கொடுத்துக் கருப்புக் கோட்டு தைத்தோம். பொத்தானுக்கு அக்காவின் விரல் ஒத்துழைக்காது என்பதால் உள்ளே ஒட்டுப் பட்டை வைத்து, மேலே சும்மா பொத்தானைத் தைத்துக் கொடுத்தார். அம்மா விபூதி பூசி அனுப்பினார்.

நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர், "உங்களப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றார். அக்கா ஒரு வாக்கியம் பேசினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வழக்கம்போலத் திருப்பிச் சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க யாரு தம்பி?"

"தம்பிங்க சார்."

"தம்பி வெளிய இருங்க. வக்கீல் ஆகப் போறது அவங்கதானே. அவங்களே பேசட்டும்."

அதுவும் தப்பில்லாத பேச்சுதான். நான் வெளியே வந்து கதவருகே நின்றேன். கதவு முழுவதும் சாத்தவில்லை. இடுக்கில் அந்த நடு மனிதரின் முகமும் அவர் பக்கத்தில் இருந்தவரின் முகமும் தெரிந்தன. அக்காவின் முதுகு தெரிந்தது. அக்கா பேசத் தொடங்கினார்.

அப்படி அவர் பேசி நான் கேட்டதில்லை. நிதானமாக, ஒரு சொல்லையும் வீணாக்காமல் பேசினார். கை ஆடாமலிருக்க நாற்காலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. என் கண்ணில் பட்ட அந்த இருவரும் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை. அந்தக் கட்டடம் முழுவதிலும் அக்காவின் பேச்சு புரிந்தவன் நான் ஒருவன்தான். என்னைத்தான் வெளியே நிற்க வைத்திருந்தார்கள்.

கடைசியில் "ரொம்ப நல்லதும்மா, தகவல் வரும்" என்று இரண்டு கையையும் கூப்பி அனுப்பினார்கள். தகவல் வந்தது. விண்ணப்பதாரர் பேசுவது விளங்கவில்லை, ஆகவே விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று இருந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு, "வெளங்கலன்னு அங்கியே சொல்லியிருந்தா மறுபடி சொல்லியிருப்பேனே" என்றார். அழவில்லை. அம்மாதான் அழுதார்.

வழக்குப் போட்டோம். கட்டணமே வாங்காமல் ஒரு வழக்கறிஞர் அம்மா எடுத்து நடத்தினார். அக்காவால் பேச முடியுமா முடியாதா என்று இரு தரப்பு வக்கீல்களும் பேசினார்கள். அக்கா பின் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வாய்தா மேல் வாய்தா. குழுவின் முன் அக்கா பேசியதை நான் கேட்டேனே, அதைச் சொல்லலாமா என்று கேட்டேன். "நீங்க வெளிய நின்னவரு. உள்ள நடந்ததுக்குச் சாட்சியா எடுத்துக்க மாட்டாங்க" என்றார் வழக்கறிஞர் அம்மா. எழுதியாவது கொடுப்போம் என்றேன். அக்கா சம்மதிக்கவில்லை. "அது எழுதிக் குடுக்கறதுக்குப் பேசினது இல்லடா" என்றார்.

அந்த வருடங்களில் ஒரு மூத்த வக்கீலின் அலுவலகத்தில், பின்கட்டில் ஒரு மேசை கொடுத்தார்கள். மனுக்களை எழுதிக் கொடுப்பார், வேறொருவர் கையெழுத்துப் போட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார். காலையில் போனால் மாலைவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். டம்ளர் கையில் ஆடும், சட்டையில் சிந்தும், அதை நாலு பேர் பார்ப்பார்கள் என்று. வீட்டுக்கு வந்து அம்மா கையால் சொம்பு நிறையக் குடிப்பார். அந்த இடைவெளியில் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அக்காவின் பேச்சு முழுவதும் புரிந்தவர்கள் உலகத்தில் ஒருவராகக் குறைந்துவிட்டார்கள். என் மனைவிக்குப் பாதி புரியும். மீதிப் பாதியை நான் வேலை முடிந்து வரும்வரை அக்கா மனதில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் எங்கள் தெருமுனையில்தான் போகும். அக்காவால் மலையைச் சுற்ற முடியாது. மாலையில் முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். மடியில் ஏதாவது ஒரு சட்டப் புத்தகம் இருக்கும். ஒருமுறை ஒரு அம்மா கூட்டத்திலிருந்து விலகி வந்து அக்காவின் மடியில், புத்தகத்தின் மேல், ஒரு தயிர்சாதப் பொட்டலத்தை வைத்தார். அக்கா, "நான் வக்கீலுக்குப் படிச்சவ" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா தலையாட்டிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் வந்ததும் அக்கா இதைச் சொல்லிச் சிரித்தார். "சாதம் எப்பிடி இருந்துச்சு?" என்றேன். "உப்பு கம்மி" என்றார். எதிரே ஆயிரக்கணக்கான பேர் போய்க்கொண்டே இருந்தார்கள்.

தீர்ப்பு வந்தது. மறுபடி விசாரித்து, தேவையான வசதியோடு முடிவெடுக்கச் சொல்லியிருந்தார்கள். வசதி என்றால் நான் உடனிருக்கலாம் என்று பொருள். எனக்குச் சந்தோஷம். அக்கா கிளம்பும் காலையில், "நீ உள்ள வராத" என்றார். "நான் உள்ள வரக் கூடாதா? ஏன்க்கா?" என்றேன். "நீ பேசினா அவங்க உன்னத்தான் கேப்பாங்க. நாளைக்குக் கோர்ட்டுல நீ இருக்க மாட்ட" என்றார்.

இந்த முறை ஒரு தாளில் முதலிலேயே எழுதிக் கொண்டுபோயிருந்தார். 'நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் நான் மறுபடி சொல்வேன்' என்பதுதான் அதில் இருந்தது. குழுவில் புதிதாக ஒரு வயதான வழக்கறிஞர் இருந்தார். அவர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, அக்கா பேசப் பேச முயன்று பார்த்தார். முதலில் எல்லாம் தப்பு. அக்கா நில மோசடி பற்றிப் பேசினால் அவர் கல்யாணம் என்று புரிந்துகொண்டார். வெளியே நின்ற எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அவர் விடவில்லை. காபி வரவழைத்தார், குடித்தார், மறுபடி கேட்டார். வெயில் ஏறி இறங்கத் தொடங்கியபோது அவர் குரலும் அக்காவின் குரலும் மாறி மாறி ஒரே பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தன. அம்மா போன பிறகு வேறொரு வாயில் அக்காவின் சொற்களை நான் கேட்டது அப்போதுதான்.

பதிவானது. அதற்குப் பின் எழுத வேண்டிய தகுதித் தேர்வும் முடிந்தது. அதில் விடையை விரலால் காட்டினால் உடன் இருப்பவர் குறித்துவிடுவார் என்பதால் சிரமமில்லை. அக்கா வேங்கிக்கால் பக்கம் உள்ள நீதிமன்றத்துக்குப் போய்வரத் தொடங்கியபோது அவரோடு படித்தவர்களுக்கு ஜூனியர்கள் இருந்தார்கள், தலை நரைக்கவும் தொடங்கியிருந்தது.

கதை இங்கே முடிந்தால் நாலு நல்ல வார்த்தையாக முடிந்திருக்கும். நீதிமன்றத்தில் அக்காவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் அன்பாக இருந்தார்கள். வழக்கு கூப்பிட்டு அக்கா எழுந்து நின்றால், "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம், எழுத்து மூலமாக் குடுத்துடுங்க" என்பார்கள். எழுதியே கொடுத்தார். கோட்டு போட்டுக்கொண்டு போய், எழுந்து நின்று, உட்கார்ந்துவிட்டு வருவார். வழக்கறிஞர் அறையில் மற்றவர்கள் அரட்டை அடிக்கும்போது அக்கா ஜன்னலோரம் இருப்பார். கட்சிக்காரர்களும் குறைவு. போனில் பேச முடியாத வக்கீலிடம் யார் வருவார்கள்? மதியம் எனக்கு வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்புவார். இன்று என்ன நடந்தது, எந்த வக்கீல் எப்படி உளறினார், வெளியே மழை வருகிறதா என்று. பல நாள் அவர் பகலில் பேசியது அது ஒன்றுதான்.

பிறகு மாறுதலில் ஒரு நீதிபதி அம்மா வந்தார். ஜீவனாம்ச வழக்கு ஒன்று. கணவன் விட்டுவிட்டுப் போன ஒரு பெண்ணுக்காக அக்கா எழுந்தார். எழுதிக் கொடுங்கள் என்று சொல்வதற்கு முன்பே அந்தப் பழைய தாளை நீட்டினார். நீதிபதி படித்துவிட்டு, "சரி, சொல்லுங்க" என்றார். அக்கா சொன்னார். நீதிபதி திருப்பிச் சொன்னார். தப்பாக இருந்தது. அக்கா மறுபடி சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இதனால டைம் ஜாஸ்தி ஆவுது" என்றபோது, "ஆவட்டும், உட்காருங்க" என்றார் நீதிபதி. அந்தப் பெண்ணுக்கு இடைக்காலத் தொகை கிடைத்தது. உத்தரவின் தொடக்கத்தில் 'இரு தரப்பு வாதங்களும் கேட்கப்பட்டன' என்று இருந்தது. எல்லா உத்தரவிலும் தட்டச்சர் பழக்கத்தில் அடிக்கும் வரி அது. அக்கா அந்த வரியில் விரலை வைத்து என்னிடம் காட்டினார். நான் அதை வாய்விட்டுப் படித்தேன். கண்ணை மூடித் திறந்தார். அந்த நகல் இப்போதும் அவருடைய கோட்டுப் பையில் இருக்கிறது.

அந்த நீதிபதியின் முன் இன்னும் சில வழக்குகளில் வாதாடினார். அதற்குள் உடம்பு விட்டுவிட்டது. விழுங்குவது சிரமமாகி, சாப்பிட்டது மூச்சுக் குழாயில் போய், நெஞ்சுச் சளி அடிக்கடி வந்தது. கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். ஒரு மத்தியான வேளை. அக்கா என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. பிறந்ததிலிருந்து எனக்குப் புரியாமல் போனது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் இருந்த மாமா, "தலையாட்டுடா, தலையாட்டு. நிம்மதியாப் போவட்டும்" என்றார். நான் ஆட்டவில்லை.

"புரியலக்கா. மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னார். "வீட்டுக்குப் போலாமா?" என்றேன். இல்லை. "அம்மாவா?" என்றேன். இல்லை. மறுபடி சொன்னார். எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடித் திறக்கவே இல்லை. ஆனால் கையை விடவில்லை, முகத்தில் சலிப்பும் இல்லை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மாலையில் தூங்கிப்போனார். அப்படியே போய்விட்டார். அவர் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது வீட்டில் நான் எதையாவது சொல்லிவிட்டுச் சற்று நிற்கிறேன், யாராவது திருப்பிச் சொல்வார்கள் என்று. அந்தப் பழைய குரல் செய்திகள் என் போனில் இருக்கின்றன. சில மதியங்களில் விடுதி வாசலில் உட்கார்ந்து போட்டுக் கேட்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் போன் ரிப்பேரா என்று கேட்கிறார்கள். அது ஒரு பேச்சு என்று சொல்ல இனி இந்த ஊரில் நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் நிஜம் என்று எழுதிக் கொடுத்த டாக்டர், கட்டணம் வாங்காத வழக்கறிஞர் அம்மா, காபி குடித்துக்கொண்டே கற்றுக்கொண்ட அந்தப் பெரியவர், நேரம் ஆகட்டும் என்ற நீதிபதி, பொய்ப் பொத்தான் தைத்துக் கொடுத்த தையல்காரர், பாதி புரிந்துகொண்டு முழுதாகப் பார்த்துக்கொண்ட என் மனைவி, இறுதிக் காரியத்தை முன்னின்று நடத்தி இந்த மலரையும் அச்சிட வைத்த மாமா. நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

மாமா, மன்னிக்கவும், ஒரே ஒரு பத்தி கூடுகிறது. அந்த முதல் குழுவின் முன்னால் அக்கா பேசி, கதவு இடுக்கில் நான் கேட்ட பேச்சு அது. அக்கா அதை எழுதிக் கொடுக்கச் சம்மதித்ததில்லை. இப்போதும் நான் எழுதிக் கொடுக்கவில்லை, திருப்பித்தான் சொல்கிறேன்:

"ஐயா, நீங்க தலையாட்டறீங்க. உங்களுக்குப் புரியலன்னு எனக்குத் தெரியுது. புரியலன்னு சொல்லுங்க, நான் மறுபடி சொல்றேன். சின்ன வயசுலேர்ந்து எனக்கு அதான் வேல, கோவமே வராது. கோர்ட்டுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு பேசறது யாருக்கும் புரியறது இல்ல. பயந்து போயி பேசறாங்க, அழுதுனே பேசறாங்க. எங்கம்மா பேசினாங்க, நான் பாத்தேன். அவங்க பேச்ச நின்னு கேக்கறதுக்கு ஒரு வக்கீல் வேணும். எனக்குக் கேக்கத் தெரியும். பேசறதுக்குக் கொஞ்சம் நேரம் ஆவும், அவ்ளோதான். வேணாம்னு முடிவு பண்ணாலும் பண்ணுங்க. ஆனா நான் சொன்னத ஒரு தடவ திருப்பிச் சொல்லிட்டுப் பண்ணுங்க."

அன்று யாரும் திருப்பிச் சொல்லவில்லை. இன்று இங்கே இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். பந்தியில் உட்காருவதற்கு முன், படத்தின் எதிரில் நின்று, ஒருவராவது இதை வாய்விட்டுப் படியுங்கள். நான் வாசலில்தான் நிற்பேன், எனக்குக் கேட்கும்.

அக்காவின் தம்பி,
திருவண்ணாமலை.